பெட்டி திங்கட்கிழமை புறப்பட்டது

இந்த நாட்டில் செவ்வாய்க்கிழமை மலிவு. படம் பார்க்கப் போனால் அன்றைக்கு நுழைவுச்சீட்டு குறைந்த விலை. பீட்சாக் கடையில் அன்றைக்கு ஒரு விலை, மற்ற நாட்களில் வேறு விலை. ஓக்லாந்தின் தென்புறத்துப் பாபகூராவில் எங்கள் தெருவில் குப்பை எடுப்பதும் செவ்வாயில்தான். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் செவ்வாய்க்கிழமையைத் தொடவே மாட்டோம். பெண் பார்க்கப் போவதில்லை, வீடு குடிபுகுவதில்லை, பயணம் வெளிக்கிடுவதில்லை. நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய நாளை இவர்கள் தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கியது. அது யாருக்கும் வேண்டாத நாள் என்பதில் யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்கும் ஓக்லாந்துத் தியேட்டர் முதலாளிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. முதலாமவர் அதற்குத் தோஷம் என்று பெயர் வைத்தார். இரண்டாமவர் விலை வைத்தார்.

சென்ற கோடை முழுக்க, செவ்வாய்தோறும் காலையில் நான் குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வடக்கே தூரத்தில் ஒரு விமானம் தாழ்ந்து இறங்கும். வால் கத்தரிக்காய் ஊதா. சோல் நகரத்திலிருந்து வரும் கொரிய மலிவுக் கட்டண விமானம் அது. அதன் உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரை உச்சரிப்பதற்கும் தனிக் கட்டணம் இருக்கக்கூடும். ஊதா வால் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக் கிறெய்க் தன் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "உன்னுடைய பிளேன் வந்துவிட்டது, மேட்" என்பார். அது என்னுடையது இல்லை என்று ஒருமுறை விளக்கப் பார்த்தேன். "அப்படியானால் ஏன் ஒவ்வொரு கிழமையும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று கேட்டார். தொட்டியை நேராக நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

காரணம் இதுதான். எங்கள் ஒரே மகள் தர்ஷி இங்கேதான் பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்தவள். படிப்பை முடித்ததும் ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பிக்கிறேன் என்று சோலுக்குப் போனாள். ஊதா வால் ஓக்லாந்துக்கு முதன்முதலாகப் பறந்த கோடை அது. மலிவான நாள் பார்த்துச் செவ்வாயில் ஏறினாள். என் மனைவி யோகம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "ச்சில், அம்மா, இட்ஸ் ஜஸ்ட் அ டே" என்பது மகளின் பதில். அந்த வருடம் முடியும் முன்பே ஜுன்ஹோ என்ற பொடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வீடியோவில் சொன்னாள். யோகம் ஏசவில்லை, அழவில்லை. தொலைபேசிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் வீட்டில் நான் தபாற்கந்தோர். "சாப்பிட்டவளோ எண்டு கேளுங்கோ" என்று இந்தப் பக்கமிருந்து வரும். "டெல் அம்மா ஐம் ஃபைன்" என்று அந்தப் பக்கமிருந்து போகும். பேத்தி ஹனா பிறந்தபோதும் அப்படித்தான். யோகத்திடம் அதற்கு ஒரு விளக்கம் இருந்தது: "செவ்வாய்க்கிழமை போனவள். அதுதான் திரும்பி வரேல்லை."

ஹனாவுக்குப் பல் பிந்தித்தான் முளைத்தது. முதலாவது பிறந்தநாளுக்குக் கொஞ்சம் முன்னால் மகள் ஒரு படம் அனுப்பினாள். கீழ் ஈறில் ஒரேயொரு அரிசி. யோகம் என் கையிலிருந்த தொலைபேசியைப் பறித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, தபாற்காரனைத் தாண்டி, தானே மகளுக்கு எடுத்தாள். "பல்லுக்கொழுக்கட்டை போடவேணும்" என்றாள். முதற்பல் முளைத்த பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை சொரியும் எங்கள் சடங்கு அது. வணக்கமும் இல்லை, சுகமும் கேட்கவில்லை. மகள், "ஓகே அம்மா. கம்" என்றாள். பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை. கொரியர்கள் அதைத் தோல்ஜாஞ்சி என்று பெரிதாகக் கொண்டாடுவார்களாம். அதே நாளில் கொழுக்கட்டையையும் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

ஊதா வால் ஓக்லாந்திலிருந்து செவ்வாயிலும் சனியிலும் மட்டுமே புறப்படும். பிறந்தநாள் சனியில் ஏறினால் சோலில் கேக் முடிந்திருக்கும், முந்திய சனிக்கு ஆசனம் இல்லை. மற்ற விமானங்களின் விலையைப் பார்த்தபோது அவர்கள் எங்களை ஏற்றிப்போகிறார்களா, தத்தெடுக்கிறார்களா என்று சந்தேகம் வந்தது. ஆக, செவ்வாய். அதிலும் செவ்வாயில் வடக்கே சூலம். பஞ்சாங்கப்படி அன்றைக்கு வடக்கு நோக்கிப் பயணம் ஆகாது. ஓக்லாந்தில் இருப்பவனுக்கு வடக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது? தெற்கே போனால் பென்குயின். நாங்கள் போகக்கூடிய உலகம் முழுவதும் வடக்கில்தான் இருக்கிறது. பஞ்சாங்கம் எழுதியவர்கள் பூமியின் அடிப்பாகத்தில் ஒரு சைவக் குடும்பம் மோர்ட்கேஜ் கட்டிக்கொண்டு குடியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. செவ்வாயில் பால் குடித்துவிட்டு வெளிக்கிடலாம் என்றேன். யோகம் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். "அவளுக்கும் அண்டைக்குப் பால் குடுத்துத்தானே அனுப்பினனான்?"

நான் ஒரு பஸ் கம்பனியில் நேர அட்டவணை போடுகிறவன். மனிதர்களை எனக்கு அவ்வளவாக விளங்காது, போக்குவரத்து நிறுவனங்களை விளங்கும். யோகத்துக்குத் துணிவு வரட்டும் என்று ஊதா வாலின் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். ஆண்டு, மாதம், திகதியோடு அவளுக்குச் சொல்லத் தொடங்கியதும், "திகதி சொன்னால் நான் எழும்பிப் போயிடுவன்" என்றாள். அந்தத் தடை இந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். எனவே, மிகுந்த வேதனையுடன், திகதி இல்லாமல் எழுதுகிறேன்.

கொரியாவில் நெடுங்காலம் இரண்டே இரண்டு பெரிய விமான நிறுவனங்கள் இருந்தன. சனங்கள் அவற்றில் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்கரையில் ஒரு நகரசபையும், கழிவறைத் தொட்டி செய்து பணக்காரரான ஒரு முதலாளியும் சேர்ந்து, காற்றாடி வைத்த இரண்டு சிறிய விமானங்களை வாங்கினார்கள். அவை தோடம்பழத்துக்கும் தேனிலவுக்கும் பேர்போன ஜேஜு தீவுக்குப் போய்வந்தன. பெரியவர்கள் சிரித்தார்கள். மின்விசிறியில் ஏறிப் பறப்பதா என்று பயணிகளும் தயங்கினார்கள். ஆனால் கட்டணம் ரயிலுக்குப் போட்டியாக இருந்தது. மலிவு என்றால் மனிதனுக்குப் பயம் தெளிவது கொரியாவிலும் வழக்கம்தான் போலிருக்கிறது. பிறகு காற்றாடிகளை விற்றுவிட்டு ஒரே வகை ஜெட் விமானங்களாக வாங்கினார்கள். ஒரே வகை என்றால் எந்த விமானியும் எதையும் ஓட்டலாம், எந்த உதிரிப்பாகமும் எதற்கும் பொருந்தும். எங்கள் கம்பனி பஸ்களிலும் இதே தத்துவம்தான். ஒரு பஸ்ஸில் கதவு இறுகினால் எல்லாப் பஸ்ஸிலும் இறுகும்.

மலிவு விமானத்தின் இரகசியம் வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது. ஆகவே இறங்கியதும் பணிப்பெண்களே ஓடி ஓடிக் குப்பை பொறுக்குவார்கள், பெல்ட்டுகளை மடிப்பார்கள், அடுத்த கூட்டத்தை ஏற்றுவார்கள். ஜேஜு, ஒசாகா, தானாங், மறுபடி ஜேஜு. காலையில் ஒன்று பிந்தினால் மாலை வரைக்கும் எல்லாம் பிந்தும். தண்ணீருக்கு விலை, போர்வைக்கு விலை, சன்னலுக்கு விலை. மனைவிக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் விலை; சில கணவன்மார் அதைக் கட்டாமல் விடுவது நிறுவனத்துக்குப் பெரிய நட்டம். கொள்ளைநோய்க் காலத்தில் பறக்க இடமில்லாமல் போனபோது ஆசனங்களில் அட்டைப்பெட்டிகளைக் கட்டிப் பறந்தார்கள். அதுவும் போதாமல், புறப்பட்ட விமான நிலையத்துக்கே திரும்பி வரும் சுற்றுப்பயணம் ஒன்றை விற்றார்கள். எங்கும் இறங்காமல் வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சீட்டுகள் விற்றுத் தீர்ந்தனவாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு உலகத்தில் இப்படி ஒரு சீட்டு இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லையே.

பின்னர் முதலாளி மாறினார். கழிவறைத் தொட்டிக்காரர் போய், பெயரைக் கேட்டால் மருந்து மாதிரி இருக்கும் ஒரு முதலீட்டுக் குழு வந்தது. வேறு யாரோ பறந்து தேய்த்த அகல விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். முன் ஆசனத்தின் முதுகில் திரை இருந்த இடத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் மூடி. புகைபிடிக்கக் கூடாது என்ற அறிவிப்புக்குக் கீழே ஒரு சாம்பல் கிண்ணம். அந்த விமானங்களில் ஒன்றுதான் கொரியக் குளிர்காலத்தில், அதாவது எங்கள் கோடையில், பள்ளி விடுமுறைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஓக்லாந்து வருகிறது. பருவகாலச் சேவை என்று அதற்குப் பெயர். மாம்பழம் மாதிரி.

யோகம் சரித்திரத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரியப்பா. கிழமை செவ்வாய்தானே?" என்றாள். பிறகு அவளே வழியும் சொன்னாள். கெட்ட நாளில் போயே ஆகவேண்டும் என்றால், முன்கூட்டி ஒரு நல்ல நாளில் பயணப் பெட்டியை வெளிக்கிடுத்தி, போகும் திசையில் இருக்கிற இன்னொரு இடத்தில் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு போய்ச் சேர்ந்துகொண்டால் போதும். பஞ்சாங்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நேர அட்டவணைக்காரன் என்ற முறையில் நான் அசந்துபோனேன். புறப்படும் நேரத்தைக் காப்பாற்றுவதற்காக வாயிற்கதவை மூடிவிட்டுத் தரையிலேயே நிற்கும் விமான நிறுவனங்களை எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நல்ல நாள், வடக்கும் சரி. பாபகூராவுக்கு வடக்கே பென்ரோஸில் என் நண்பன் செல்வம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறான். ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழன், ரானுயியில் வீடு. பெட்டியை ரானுயி வீட்டில் வைக்க முடியாது. அவன் மனைவி தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுப்பவள், சூலம் தன் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பதில் உறுதியானவள். "கிடங்குல வச்சிடலாம் அண்ணே, ஒண்ணும் பிரச்சனை இல்ல லா" என்றான் செல்வம். திங்கள் காலை, யோகம் பெட்டிக்குத் திருநீறு பூசி, வாசலில் தேங்காய் உடைத்து அனுப்பினாள். நானும் பெட்டியும் ரயிலேறினோம். எதிரே இருந்த ஒரு பெரியவர் புன்னகைத்தார்.

"விடுமுறையா?"

"நான் இல்லை. பெட்டி மட்டும்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொடுத்துவைத்த பெட்டி" என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய் காலையில் நாங்கள் பென்ரோஸுக்குப் போனபோது செல்வம் பெட்டியோடு வாசலில் நின்றான். அவனே வேனில் விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். "அண்ணே, உங்க பேக்கு ரொம்பத் தொல்லை கொடுத்துச்சு. சூப்பர்வைசர் வந்து, இது எந்தக் கப்பல்ல போவணும்னு கேக்கிறாரு. பின்னேரம் வந்தா பெல்ட்டுல ஏத்தி வச்சிருக்கானுங்க. நான் மட்டும் பாக்கலேன்னா அண்ணியோட பேக்கு இந்நேரம் ஃபிஜிக்குப் போயிருக்கும்." அதனால் பாதுகாப்புக்காக அவன் பெட்டியின் இரண்டு பக்கமும் கிடங்கு லேபல் ஒட்டியிருந்தான். சிவப்பில், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்: ஏற்றாதே. அவசரத்தில் அதை உரிக்க எவருக்கும் தோன்றவில்லை.

ஊதா வாலுக்கு ஓக்லாந்தில் சொந்தமாக ஊழியர்கள் கிடையாது. கவுண்டரில் இருப்பவர்கள் ஒப்பந்தக்காரர்கள். முந்திய விமானத்துக்குப் பச்சைக் கழுத்துத்துணி கட்டியவர்கள், எங்களுக்கு ஊதா கட்டியிருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவள் லோசா என்று பெயர்ப்பட்டை குத்திய சமோவப் பெண். காதில் பூ வைத்திருந்தாள். லேபலைப் படித்து ஒருமுறை சிரித்தாள். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?"

"என் மனைவி."

"அடுக்கியதிலிருந்து முழு நேரமும் உங்கள் பார்வையில் இருந்ததா?"

உலகத்தில் எல்லாப் பயணிகளும் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஆம் என்பார்கள். எனக்கு அது நேரம் பற்றிய கேள்வியாகத் தெரிந்தது. நேரம் பற்றிக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். "இல்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து அது பென்ரோஸில் ஒரு கிடங்கில் இருந்தது" என்றேன்.

லோசாவின் சிரிப்பு மெதுவாக அணைந்தது. தொலைபேசியை எடுத்தாள். பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால், ஊதா வாலின் நிலைய மேலாளர், ஹான் என்ற மெலிந்த கொரியர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எதற்காகப் பெட்டியை முதல்நாளே கொண்டுபோனீர்கள்?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"செவ்வாயில் கொண்டுபோகாமல் இருக்க."

"செவ்வாயில் என்ன நடக்கப்போகிறது?"

"ஒன்றும் இல்லை. செவ்வாய்தான்."

"சேர், நீங்கள் எதையாவது தவிர்க்கப் பார்த்தீர்களா?"

"ஓம். செவ்வாயை."

யோகம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னப்பா கதைக்கிறியள்? வாயை மூடுங்கோ. நான் இங்கிலீசு தெரியாமலே நல்லாச் சொல்லுவன்."

பெட்டி ஒரு பக்கத்து மேசையில் திறக்கப்பட்டது. மேலே, அடையாளம் எதுவும் இல்லாத பெரிய பிளாஸ்டிக் பைகளில், வெள்ளைத் தூள். வறுத்த அரிசிமா. உத்தியோகத்தர் கையுறை போட்டுக்கொண்டார். அடுத்த பையில் பழுப்பு நிறத்தில் வறுத்த பயறு. அதன் கீழ் சர்க்கரை, தேங்காய்ப்பூ, நீராவிச் சட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துவாயில் சுற்றி, ஒரு கூறைச்சேலை. சிவப்பு, சரிகைக் கரை, கடையின் மடிப்புக் குலையாதது. அதை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் திகதி வைத்திருக்கும் எனக்கு, என் மனைவி மகளுக்கு எப்போது கூறை வாங்கினாள் என்று தெரியவில்லை. பதிவுத் திருமணத்துக்கு முந்தியா, பிந்தியா? யோகம் சேலையை அவர்கள் கையிலிருந்து வாங்கி, மேசையில் வைக்காமல், தன் மடியோடு பிடித்துக்கொண்டாள். உத்தியோகத்தர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஹான் என்னிடம் கேட்டார்: "இன்றைக்கு வடக்கு ஆகாதா?"

"செவ்வாய்தோறும் வடக்கு ஆகாது."

"எங்களுக்குக் கிழமை இல்லை, சந்திர மாதத்துத் திகதி" என்றார், ஏதோ சரக்கு விதியை விளக்குவது மாதிரி. சொன் என்று ஒரு கெட்ட ஆவி இருக்கிறதாம். இரண்டு நாள் கிழக்கு, இரண்டு நாள் தெற்கு, பிறகு மேற்கு, பிறகு வடக்கு. ஒன்பதாம், பத்தாம் நாட்களில் அது வானத்துக்குப் போய்விடும். அந்த நாட்களைச் சொன் ஒம்நுன் நால் என்பார்களாம், சொன் இல்லாத நாள். கொரியாவில் அந்த நாட்களில் வீடு மாற்றுவதற்கு லாரிக்காரர்கள் கூடுதல் விலை கேட்பார்கள். "அந்த நாள் கிடைக்காவிட்டால், என் அம்மா நல்ல நாளில் சோற்றுக்குக்கரை மட்டும் முதலில் புது வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பார். வீடு குடிபுகுந்தாயிற்று என்று அர்த்தம். நாங்கள் பிறகு போவோம்."

பாதுகாப்பு உத்தியோகத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரில் யாரைக் கைதுசெய்வது என்று அவருக்குக் குழப்பம் வந்திருக்க வேண்டும்.

ஆவி விஷயத்தில் உடன்பட்டாலும் ஹான் மலிவு விமானக்காரர்தான். விதி விதியாகவே இருந்தது. பெட்டியை அவர்கள் முன்னிலையில் மறுபடி அடுக்கலாம், சேலையும் சட்டியும் போகலாம். ஆனால் பெயர் ஒட்டாத தூள் எதுவும் விமானத்தில் ஏறாது. கவுண்டர் மூடப்போகிறது. நான் இதை மொழிபெயர்த்ததும் யோகம் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"மா போகாட்டி நான் போகேல்லை."

"யோகம், அங்கை அரிசி இல்லையே? கொரியா முழுக்கச் சோறு தின்னுற சனம்."

"நான் வறுத்த மா. நான் வெளிக்கிடுத்தின பெட்டி. அதைக் குலைச்சுப்போட்டுப் போனால், செவ்வாய்க்கிழமை போறதுதானே? இவ்வளவு நாளைக்குப் பிறகு போறன். ஏதும் பிழைச்சால் அவள் பிறகு என்னை எண்டைக்கும் கூப்பிடமாட்டாள்." வரிசையில் பின்னால் நின்ற கொரிய மாணவர்கள் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.

என்ன சொல்கிறார் என்று ஹான் கேட்டார். சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு யோகத்தைப் பார்த்து, கொஞ்சம் குனிந்து, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "மேடம், அம்மாவின் குக்கர் வெறுமையாகத்தான் போனது. உள்ளே சோறு இல்லை. வீடு கோபிக்கவில்லை."

யோகம் யோசித்தாள். "அந்த வீட்டிலை அவை இப்ப நல்லா இருக்கினமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். "அப்பாவும் அம்மாவும் தினமும் சண்டை" என்றார் ஹான். "ஆனால் இன்னும் அதே வீடுதான்."

"நல்லா இருக்கினமாம்" என்றேன்.

இப்படியாக, ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கும் ஒரு விமானத்தில், முழுக் கட்டணம் கட்டி, ஒரு சேலையும் ஒரு சட்டியும் மட்டும் உருளும் பெரிய பெட்டியை ஏற்றினோம். லோசா ஏற்றாதே லேபலைத் தன் நகத்தாலேயே உரித்தெடுத்து, ஊதாப் பட்டியைக் கட்டினாள். மா, பயறு, சர்க்கரை எல்லாம் வெளியே காத்து நின்ற செல்வத்தோடு வேனில் திரும்பின. அவற்றை ரானுயியில் அவன் மனைவி, சூலம் எதுவும் படாமல், புட்டவித்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனதாகப் பின்னர் அறிந்தேன்.

வானத்தில் எங்களுக்கு ஒரு கேளிக்கையும் கிடைத்தது. திரைகளைக் கழற்றிவிட்ட விமானத்தில் பயணிகளை ஆற்றுப்படுத்தப் பணிப்பெண்களே விளையாட்டு நடத்துகிறார்கள். கல், கத்தரிக்கோல், காகிதம். எல்லாரும் கையை உயர்த்தி முன்னால் நிற்கும் பெண்ணோடு விளையாட வேண்டும், தோற்றவர்கள் கையை இறக்க வேண்டும். யோகத்துக்கு விளையாட்டு விளங்கவில்லை. கையை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினாள். பயத்தில் முஷ்டி இறுகியே இருந்தது. அந்தப் பெண் மறுபடி மறுபடி கத்தரிக்கோல் காட்டினாள். விமானம் முழுக்கத் தோற்று, என் மனைவி ஒருத்தி மட்டும் கல்லாக நின்றாள். பரிசு ஒரு பஞ்சு விமானம். ஊதா வாலில் இலவசமாகக் கிடைத்த ஒரே பொருள் அதுவென்று நினைக்கிறேன். "செவ்வாய்க்கிழமை பரவாயில்லை போலை" என்றாள் யோகம், சமுத்திரத்துக்கு மேலே, கப் நூடில்ஸ் வாசத்துக்கு நடுவில்.

இன்ச்சொன் விமான நிலையத்தில் தர்ஷி குழந்தையோடு நின்றாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் தபாற்கந்தோரைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். தேவைப்படவில்லை.

"மெலிஞ்சு போனாய்" என்றாள் யோகம்.

"ஐம் லிட்டரலி ஃபேட்டர், அம்மா" என்றாள் மகள். பிறகு இருவரும் அழுதார்கள். ஹனாவும் மரியாதைக்குச் சேர்ந்துகொண்டாள்.

மாவுக்குக் குறைவிருக்கவில்லை. ஜுன்ஹோவின் தாய் சந்தையில் இடித்த ஈர அரிசிமா வாங்கி வைத்திருந்தார். அவரும் அதே சனிக்கிழமைக்கு சொங்ப்யொன் என்று ஒன்று செய்தார். அரைச்சந்திர வடிவம், உள்ளே இனிப்பு, நீராவியில் அவித்தது. "இது எங்கட கொழுக்கட்டை" என்றாள் யோகம், திருடர்களைக் கையும் களவுமாகப் பிடித்த குரலில். ஹனாவின் தலையில் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டை சொரிந்தபோது அந்த அம்மா முதலில் பதறினார், பிறகு தானும் ஒரு பிடி எடுத்துச் சொரிந்தார். அடுத்தது இன்னும் வியப்பு. பல்லுக்கொழுக்கட்டை அன்று பிள்ளையின் முன்னால் புத்தகம், பேனை, நகை எல்லாம் வைத்து எதை எடுக்கிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். அவர்களும் அதற்கென்றே ஒரு மேசை போட்டிருந்தார்கள். நூல், பென்சில், பணம், வைத்தியர் குழாய். எங்கள் பொருட்களையும் பக்கத்தில் வைத்தோம். யோகம் கொண்டுவந்த கூறையைக் கட்டியிருந்த தன் தாயை ஹனா ஒருமுறை பார்த்தாள். இரண்டு நாட்டுத் தொழில்களையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, தரையில் கிடந்த ஒரு கொழுக்கட்டையை எடுத்து, இருக்கிற ஒற்றைப் பல்லால் கடித்தாள்.

திரும்பும் நாள் வந்தபோது யோகம் பெட்டியை அடுக்கவே இல்லை. எங்கள் உடுப்புகள் கைப்பைகளில் அடங்கின. பெரிய பெட்டியைத் துடைத்து, ஹனாவின் அறையில் சுவரோரமாக நிறுத்தினாள். "இது இஞ்சை இருக்கட்டும்" என்றாள். மகள் காரணம் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். புதிய சோற்றுக்குக்கர். மூடியைத் திறந்தால் ஒரு பெண் கொரிய மொழியில் பேசுகிறாள்.

"ஜுன்ஹோஸ் மம் செக்ட் த கலண்டர்" என்றாள் தர்ஷி, எங்கோ பார்த்துக்கொண்டு. "இட் ஹாஸ் டு கோ டுடே, அப்பரன்ட்லி." பிறகு, சின்ன வயதுக்குப் பின் நான் அவள் வாயிலிருந்து கேட்டிராத தமிழில், "அம்மா, நீங்க அதிலை சமைக்க வேண்டாம்" என்றாள்.

யோகம் அந்தக் குக்கரை மடியில் வைத்துக்கொண்டே பசிபிக் சமுத்திரத்தைக் கடந்தாள். அதையும் எடை பார்த்துத்தான் விட்டார்கள்.

கோடை முடிந்தது. ஊதா வாலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓக்லாந்துச் சேவை பருவகால அடிப்படையில் நிறைவுபெறுகிறது, இதைவிட அழகான வானத்தில் மீண்டும் சந்திப்போம் என்று எழுதி, கீழே ஒரு கார்ட்டூன் முயல் தலைவணங்கியிருந்தது. அழகான வானத்துக்குத் திகதி போடவில்லை. அடுத்த கோடைக்கான அட்டவணையைத் தினமும் பார்க்கிறேன். ஓக்லாந்துக்கு நேரே வெறுமைதான் இருக்கிறது.

இன்றைக்குச் செவ்வாய். தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பழக்க தோஷம், வடக்கே பார்த்தேன். "உன்னுடைய பிளேன் வரவில்லையே, மேட்" என்றார் கிறெய்க். ஓம் என்றேன். உள்ளே வந்தபோது யோகம் குசினி மேசையில் இருக்கும் குக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் சொருகி இந்த நாட்டுச் சுவரில் பொருந்தாது. பொருத்தி ஒன்று வாங்கிவரட்டுமா என்று கேட்டேன்.

"ஏன்? அவள் வரேக்கை கொண்டுவருவாள்" என்றாள்.

அங்கே ஒரு வெறும் பெட்டி, இங்கே ஒரு வெறும் குக்கர். கணக்குப்படி எங்கள் வீட்டில் எல்லாரும் புறப்பட்டாயிற்று.